சீற்றைக் கழற்றுவதா, ஸ்பெயார் வீலை இறக்குவதா, இரண்டையும் விடுவதா?

பெற்றோல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் யாராவது என்னிடம் இதைக் கேட்பார்கள். போன கிழமை ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் யாழ்ப்பாணம், கொக்குவில்காரர். ஆல்ட்டோ என்ற சின்னக் கார் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருடைய ஓட்டம். மற்றவர் மாதத்தில் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வருபவர், வைத்திருப்பது அக்குவா ஹைபிரிட். இரண்டு பேரின் கேள்வியும் ஒன்றுதான்: "பின்சீற்றையும் ஸ்பெயார் வீலையும் கழற்றி வீட்டில் வைத்தால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?"

கேள்வி ஒன்று என்றாலும் பதில் இரண்டு பேருக்கும் ஒன்றல்ல. நான் சொல்வதில் பாதி பட்டறிந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றான பிறகு, என் ஆல்ட்டோவில் இரண்டையுமே கழற்றிவிட்டு ஏழெட்டு மாதம் ஓடினேன். இப்போது இரண்டும் காரில்தான் இருக்கின்றன. ஏன் என்று கீழே வருகிறது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, உண்மையில் எத்தனை கிலோ குறைகிறது. கையால் தூக்கிப் பார்த்து "நல்ல பாரம்" என்று சொல்வது கணக்கில்லை. இரண்டாவது, அந்தக் கிலோ மாதம் எத்தனை லீற்றராக மாறுகிறது. மூன்றாவது, கழற்றிய பொருள் தேவைப்படுகிற நாளில் அது இல்லாததற்கு என்ன விலை கொடுப்போம். நான்காவது, காரில் இருப்பவர்களின் பாதுகாப்பு. ஐந்தாவது, வாகனப் பதிவுப் புத்தகமும் இன்சூரன்சும் அதற்கு இடம் தருமா.

ஆறாவது ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதை யாரும் எண்ணுவதில்லை. கழற்றிய சாமானை வீட்டில் எங்கே வைப்பது? சிரிக்க வேண்டாம், எனக்கு அதிகம் செலவு வைத்ததே அதுதான்.

## தராசில் வைத்துப் பார்த்தது

சுன்னாகத்தில் சொந்தக்காரர் ஒருவருக்கு வெங்காய வியாபாரம். அவருடைய தராசில்தான் எல்லாவற்றையும் நிறுத்தேன். மூட்டை நிறுக்கிற தராசில் கார்ச் சீற் ஏறியதை மற்றக் கடைக்காரர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள்.

ஸ்பெயார் வீல், அதாவது 12 அங்குல இரும்பு றிம்மும் ரயரும், பத்தரைக் கிலோ. ஜக், அதன் கைபிடி, நட்டுக் கழற்றும் சாவி எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. பின்சீற்றின் இருக்கை ஐந்தரை, சாய்வு ஒன்பதரை, மொத்தம் பதினைந்து. முன் பயணி சீற் பதின்மூன்று. பெரிய கார் என்றால் இவை கூடும். ஸ்பெயார் மட்டுமே பதினைந்து கிலோ வரை போகலாம்.

பின்சீற்றும் ஸ்பெயாரும் ஜக்கும் சேர்ந்து இருபத்தெட்டரைக் கிலோ. ஆல்ட்டோவின் வெற்று எடை ஏறக்குறைய 700 கிலோ என்பதால் அது நாலு வீதம். காகிதத்தில் பார்க்க நல்லாகத்தான் இருக்கிறது.

சீற்றை இறக்கியபோது டிக்கியில் கிடந்ததையும் வெளியில் எடுத்து வைத்தேன். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு, விற்கலாம் என்று வைத்திருந்த பழைய பற்றரி, வீட்டு வேலையில் மிஞ்சிய ரைல்ஸ் இரண்டு, ஒரு கருவிப் பெட்டி, எந்தக் கோயிலில் வாங்கியது என்றே நினைவில்லாத ஐந்து தேங்காய். அதையும் தராசில் போட்டோம். முப்பத்துமூன்று கிலோ! சீற்றும் சில்லும் சேர்ந்ததைவிட நாலரைக் கிலோ கூட. இரண்டு வருடமாக அந்தக் குப்பையைச் சங்கானைக்கும் சாவகச்சேரிக்கும் ஊர்வலம் கொண்டுபோயிருக்கிறேன்.

## எடை குறைந்தால் எவ்வளவு மிஞ்சும்

அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வாகன ஓட்டிகளுக்குச் சொல்லும் கணக்கு இது: காரில் 100 இறாத்தல், அதாவது சுமார் 45 கிலோ கூடினால் எரிபொருள் ஏறக்குறைய ஒரு வீதம் கூடப் போகும். அவர்களுடைய கார்கள் நம்முடையதைவிடப் பெரியவை. சின்னக் காரில் அதே எடை கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். ஆகவே முப்பது கிலோ குறைத்தால் ஒரு வீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, லீற்றருக்கு 18 கிலோமீற்றர் என்றால், 55 லீற்றர் வேண்டும். அதில் ஒரு வீதம் அரை லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் மாதம் 165 ரூபா. ஸ்பெயாரும் ஜக்கும் மட்டும் என்றால் அதில் பாதி, எழுபத்தைந்து எண்பது ரூபா.

கியூஆர் காலத்தில் பெற்றோல் 400 ரூபாவைத் தாண்டி விற்றது, ஆனால் காசைவிட லீற்றர்தான் அப்போது பெரிசு. 20 லீற்றரில் 360 கிலோமீற்றர் ஓடும் கார், இத்தனையையும் கழற்றிய பிறகு 364 கிலோமீற்றர்கூட ஓடாது. சுன்னாகத்திலிருந்து மருதனார்மடத்துக்குப் போகலாம், வீட்டுக்குத் திரும்பி வந்து சேருவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு கிழமை முழுக்கப் பின்சீற் இல்லாமல் ஓடியதற்குக் கிடைத்த சம்பளம் அவ்வளவுதான்.

அதிலும் நாங்கள் இருக்கும் இடம் இந்த வித்தைக்குத் தோதான இடமில்லை. பாரம் வண்டியை வதைப்பது ஏற்றத்திலும், நின்று நின்று எடுக்கும்போதும்தான். கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு முப்பது கிலோ ஏற்றத்தில் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலத்தின் முதுகு மட்டும். தட்டையான றோட்டில் ஒரே வேகத்தில் போகும் காரில், பாரம் வேலை செய்வது ரயர் உருளும் இடத்தில்தான். தெற்கே போகும் ஏ-9 நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏற எஞ்சின் மல்லுக்கட்டுவது காற்றோடு. பின்சீற் இருக்கிறதா இல்லையா என்று காற்றுக்குத் தெரியாது.

ஃபொக்ஸ்ஹில், கஜபா போன்ற பந்தயங்களில் ஓடும் கார்களைப் பார்த்துவிட்டுச் சில பெடியன்கள் "அவங்களும் கழற்றித்தானே ஓடுறாங்கள்" என்பார்கள். உண்மைதான். அவர்கள் கழற்றுவது பெற்றோலுக்காக அல்ல, வேகத்துக்காக. கழற்றிய இடத்தில் இரும்புக் கூடும் பந்தயப் பட்டியும் பூட்டி, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

## தெரிவு ஒன்று: பின்சீற்றைக் கழற்றுவது

லாபம்: சின்னக் காரில் பதினைந்து கிலோ, கொஞ்சம் பெரியதில் இருபது இருபத்தைந்து. எரிபொருளில் அரை வீதத்தை ஒட்டி.

இழப்பைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

முதலில் சத்தம். சீற்றின் பஞ்சும் துணியும் எவ்வளவு சத்தத்தைக் குடிக்கின்றன என்பது கழற்றிய அன்றுதான் தெரியும். பின்சில்லு கல்லைத் தட்டுவது, சைலன்சரின் முனகல், பெற்றோல் ராங்கியில் எண்ணெய் அலம்புவதுகூடக் கேட்கும். கீழேயிருந்து சூடும் ஏறும். என் அம்மா ஒரு நாள் முன்சீற்றில் வந்துவிட்டு, "லான்ட்மாஸ்டரில வந்த மாதிரி இருக்கு" என்றார், உழவு மெஷினைச் சொன்னார்.

அடுத்தது உப்பு. சீற்றுக்கும் கம்பளத்துக்கும் கீழே இருக்கும் தகரத்தில் வண்ணப்பூச்சு மெல்லிசு. பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய் வருபவர் அதைத் திறந்துபோட்டால் போல்ட் ஓட்டைகளில்தான் முதலில் துரு பிடிக்கும். எட்டு மாதம் கழித்துச் சீற்றைத் திரும்பப் பூட்டப் போனபோது இரண்டு போல்ட் பிரியில் ஏறவே இல்லை. கராஜில் பிரி வெட்டித்தான் பூட்டினோம்.

மூன்றாவது பாதுகாப்பு. பல சின்னக் கார்களில் டிக்கிச் சாமானுக்கும் ஆட்களுக்கும் நடுவில் இருக்கும் ஒரே மறிப்பு பின்சீற்றின் சாய்வுதான். அதை எடுத்துவிட்டுத் திடீரென்று பிரேக் அடித்தால் காஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ உங்கள் முதுகுக்கு வரும். பின்னால் இடம் இருக்கிறதே என்று ஒரு பிள்ளையைத் தரையில் இருத்தினால், சீற் பட்டியும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. பிள்ளைகள் ஏறும் காரில் பின்சீற்றைத் தொடக் கூடாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அக்குவாவில் உயர் மின்னழுத்த பற்றரி பின்சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. அதைக் குளிராக்கும் காற்று போகும் வாயும் அந்தச் சீற்றோடு ஒட்டியே இருக்கிறது. சீற்றைக் கழற்றினால் அந்த வாயில் தூசியும் மண்ணும் போகும், ஒரு சாமான் சரிந்து அடைக்கவும் கூடும். பற்றரி சூடேறினால் அதை மாற்றும் செலவு லட்சக்கணக்கில் வரும். செம்மஞ்சள் நிற வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். கொழும்புக்கு ஓடும் அக்குவாக்காரருக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

புத்தகத்தில் ஆசன எண்ணிக்கை எழுதியிருக்கும். அதை நிரந்தரமாக மாற்றுவதென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த நாளில் அவர்களுக்குக் கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கடைசியாக, எலி. கழற்றிய சீற்றைப் பின் தாழ்வாரத்தில் பொலித்தீன் சுற்றி நிமிர்த்தி வைத்திருந்தேன். மாரி மழையோடு எலி வந்து பஞ்சுக்குள் குடும்பம் நடத்தியது. பொலித்தீனைப் பிரித்தபோது இருக்கையின் நடுவில் ஒரு கை போகும் அளவுக்குக் குடைவு, உள்ளே நெல் உமியும் பழைய துணி நூலும், ரோசாப்பூ நிறத்தில் நாலு குட்டி. மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. குஷன் கடையில் கொடுத்த காசு, மாதம் எண்பது ரூபா மிச்சம் பிடித்து அடைக்க முடியாத காசு.

அப்படியென்றால் பின்சீற்றைக் கழற்றவே கூடாதா? கழற்றலாம், ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். எடைக்காக அல்ல, இடத்துக்காக. திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர், தையல் துணிக்கட்டு ஏற்றுபவர், தனி ஆளாக ஓடி வீடுகளுக்குச் சாப்பாடு கொடுப்பவர், இவர்களுக்கு அந்த இடம் ஒரு தடவை ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டு தடவை போக வேண்டியதை ஒரு தடவையில் முடித்தால் அங்கே மிஞ்சுவது ஒரு வீதம் அல்ல, பாதி. அதிலும் சாய்வு மடியும் கார் என்றால் மடித்தாலே போதும், கழற்ற வேண்டிய வேலையில்லை.

வான்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஹயஸ், டொல்பின் வைத்திருப்பவர்கள் கோயில் பயணத்துக்குச் சீற் பூட்டுவார்கள், வெங்காயத்துக்குக் கழற்றுவார்கள். ஆட்களுக்கும் சாமானுக்குமாகப் பதிந்த வாகனத்துக்கு இது பொருந்தும். அவர்களிடமும் ஒரு வார்த்தை: சாரதியின் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்பு மறிப்பாவது இருக்கட்டும்.

## தெரிவு இரண்டு: முன் பயணி சீற்

இதை நீட்ட விரும்பவில்லை. பதின்மூன்று கிலோவுக்காகக் காற்றுப்பைச் சுற்றில் கை வைக்கப் போகிறீர்கள். சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறக் கொழுவி இருந்தால் அது காற்றுப்பைக்கோ பட்டிக்கோ போகும் வயர். கழற்றினால் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும், பல கார்களில் காற்றுப்பை முழுவதும் வேலை செய்யாமல் விடும். பழைய காரில் வயர் இல்லை என்றாலும் காரில் பாதி மதிப்பு அந்தச் சீற்றில்தான் இருக்கிறது. மாமியைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எங்கே இருத்துவீர்கள்?

## தெரிவு மூன்று: ஸ்பெயார் வீலை வீட்டில் வைப்பது

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கழற்றுவது மிக இலகு, ஒரு திருகாணிதான். சட்டச் சிக்கலும் பெரிதாக இல்லை. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஒரு வருடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு நாள் நடக்கும்.

எனக்கு நடந்தது 2022 ஐப்பசியில். வவுனியாவில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டி, முறிகண்டிக்கு இன்னும் தூரம் இருக்கும் இடத்தில் இடது பின்ரயர் போய்விட்டது. ஆணி என்றால் பரவாயில்லை. ஏதோ இரும்புத் தகடு, ரயரின் பக்கச் சுவரைக் கத்திரியால் வெட்டிய மாதிரி நாலு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. மாலை ஆறரை, மழை தூறல், இரண்டு பக்கமும் காடு. டிக்கியைத் திறந்து பார்த்தேன், ஸ்பெயார் இருந்த வட்டக் குழிக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு கிடந்தது.

மச்சானுக்குப் போன் அடித்தேன்.

"ஸ்பெயார் எங்க?"

"வீட்டில. மாமரத்துக்குக் கீழ."

"அங்க என்னத்துக்கு வச்சிருக்கிறாய், மாமரம் பஞ்சராகும் எண்டோ?"

அவன் வானில் அதை ஏற்றிக்கொண்டு வந்து சேர ஒன்பது மணி. போக எண்பது, வர எண்பது, நூற்றறுபது கிலோமீற்றர். அவனுடைய வான் லீற்றருக்குப் பத்து ஓடும். அவனுக்குக் கிழமைக்குக் கிடைத்த 20 லீற்றர் டீசலில் பதினாறு லீற்றர் எனக்காகப் போனது. ஸ்பெயாரை இறக்கியதால் நான் மாதம் மிச்சம் பிடித்தது கால் லீற்றர். பதினாறை காலால் வகுத்தால் அறுபத்துநாலு மாதம். ஐந்து வருடத்துக்கு மேல் சேர்க்க வேண்டியதை ஒரே இரவில் விட்டேன். முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டு, மச்சானுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். கச்சானைத் தின்றான், கோபம் மட்டும் போகவில்லை.

ஆகவே ஓடும் தூரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணம், நல்லூர், கோப்பாய், சுன்னாகம் என்று ஊருக்குள் பகலில் மட்டும் ஓடுபவருக்கு இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு பஞ்சர் ஒட்டுக்கடை இருக்கும். ஸ்பெயார் இல்லாவிட்டாலும் தலை போகாது. ஆனால் இரவில் வல்லை வெளியைக் கடப்பவர், குறிகட்டுவானுக்குப் போகிறவர், சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் என்று ஏ-32 இல் இறங்குகிறவர், ஏ-9 இல் தெற்கே போகிறவர், இவர்களுக்கு அந்தப் பத்துக் கிலோவை இறக்குவது சரிவராது.

இன்னும் ஒன்று. ஸ்பெயார் காரில் இருந்தால் மட்டும் போதாது, அதில் காற்றும் இருக்க வேண்டும். நாலு சில்லுக்கும் காற்றுப் பார்ப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுவார்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அடித்திருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. பூ, அதாவது றோட்டில் படும் வரி, தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், பத்து வருடம் டிக்கிச் சூட்டில் கிடந்த ரயரை நம்பி ஓட முடியாது. ஒடுங்கிய, சின்ன ஸ்பெயார் உள்ள காராக இருந்தால் அதில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேண்டும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் அந்தச் சில்லிலேயே எழுதியிருக்கும்.

## தெரிவு நான்கு: ஸ்பெயாருக்குப் பதில் ஒட்டுப் பெட்டி

ஜப்பானிலிருந்து வந்த வகன்-ஆர் போன்ற பல சின்னக் கார்களில் ஸ்பெயாரே கிடையாது. நிசான் லீஃபிலும் இல்லை. அவற்றோடு வருவது ஒரு சின்னக் காற்றுப் பம்பும் ஒரு போத்தல் பசையும். பம்பை 12 வோல்ட் செருகியில் கொழுவ வேண்டும். பத்துக் கிலோவுக்குப் பதில் ஒன்றரை இரண்டு கிலோ, அதனால் எடை விருப்பம் உள்ளவர்களுக்கு நியாயமான வழி இதுதான்.

ஆனால் அந்தப் போத்தலுக்கு வயது உண்டு. காலாவதித் திகதி போத்தலில் இருக்கும், ஜப்பானில் பாவித்து இங்கே வந்த காரில் அது எப்போதோ முடிந்திருக்கும். நீங்கள் இன்னும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பசை அடைப்பது ரயரின் பூப் பக்கத்தில் ஆணி போட்ட சின்ன ஓட்டையை மட்டும். பக்கச் சுவர் கிழிந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாங்குளத்தில் எனக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தாலும் மச்சான் வந்துதான் ஆக வேண்டும். பிறகு ஒட்டுக்கடையில் அந்தப் பசையை வழித்தெடுக்க அவர்கள் படும் பாடும், உங்களுக்குக் கிடைக்கும் அர்ச்சனையும் தனி.

ரியூப் இல்லாத ரயர் என்றால், பசையைவிடப் பிசின் தடவிய திரி குத்தி அடைக்கும் சாமானும் ஒரு நல்ல காற்றுப் பம்பும் என்று வாங்கி வைப்பது மேல். ஊருக்குள் ஓடுபவருக்கு அது போதும். பாவிக்கத் தெரிய வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் பழைய ரயரில் குத்திப் பழகுங்கள்.

## தெரிவு ஐந்து: ஒன்றையும் கழற்றாமல்

நட்டுக் கழற்றும் சாவியை எடுக்க முன் செய்யக்கூடியவை இவை.

டிக்கியைக் காலி செய்யுங்கள். மேலே சொன்ன முப்பத்துமூன்று கிலோ எனக்கு ஒரு போல்ட்டும் கழற்றாமல் கிடைத்தது.

காற்றைப் பாருங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். நாலு ரயரிலும் ஐந்து ஐந்து பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு வீதம் எரிபொருள் கூடப் போகும். அதாவது பின்சீற்றையும் ஸ்பெயாரையும் கழற்றுவதும், பெற்றோல் செற்றில் ஐந்து நிமிடம் காற்றடிப்பதும் ஒரே பலன். காற்றுக்கு எலி வராது.

கூரைக் கரியரைக் கழற்றுங்கள். ஏதாவது கழற்றியே ஆக வேண்டும் என்று கை துடித்தால் கழற்ற வேண்டியது அதுதான். கூரையில் பெட்டி பூட்டி வேகமாக நெடுந்தூரம் ஓடினால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 17 வீதம் வரை குறையும் என்று அதே அமெரிக்கத் திணைக்களம் சொல்கிறது. வெறும் கரியருக்கு அவ்வளவு வராது, ஆனால் சத்தத்தைக் கேட்டாலே காற்று எவ்வளவு மல்லுக்கு நிற்கிறது என்று தெரியும்.

ஏசி போட்டுக்கொண்டு ரியூசன் வாசலில் அரை மணித்தியாலம் எஞ்சினை ஓட விடுவதை நிறுத்துங்கள். கொக்குவில்காரருக்கு நான் சொன்ன பதில் இது. அவர் ஒரு நாளில் அங்கே எரிப்பது, பின்சீற்றைக் கழற்றினால் ஒரு மாதத்தில் கிடைப்பதுக்குச் சரியாக வரும்.

பாதி ராங்கி மட்டும் அடித்து ஓடினால் எடை குறையும் என்று ஒருவர் சொன்னார். 35 லீற்றர் ராங்கி நிறைந்தால் 26 கிலோ, பாதி என்றால் பதின்மூன்று குறையும், கணக்குச் சரி. ஆனால் ராங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிராக வைத்திருப்பது பெற்றோல்தான். எப்போதும் அடியில் ஓட்டினால் பம்பு போகும். பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்தால் பிழையில்லை, வரிசையில் நின்று பட்ட பிறகு எனக்கு மனம் வராது.

## ஒரே பார்வையில்

| தெரிவு | குறையும் எடை (சின்னக் கார்) | மாத மிச்சம் (1000 கி.மீ., லீற்றர் 300 ரூபா) | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பின்சீற் | 15 கிலோ | 80 ரூபா அளவு | சத்தம், துரு, எலி, இன்சூரன்ஸ், ஹைபிரிட் பற்றரி | தனி ஆளாகச் சாமான் ஏற்றுபவர் |
| முன் பயணி சீற் | 13 கிலோ | 70 ரூபா அளவு | காற்றுப்பை, விற்கும் விலை | ஒருவருக்கும் இல்லை |
| ஸ்பெயாரும் ஜக்கும் | 13½ கிலோ | 75 ரூபா அளவு | நடுவழியில் ஒரு இரவு | பகலில் ஊருக்குள் மட்டும் ஓடுபவர் |
| ஸ்பெயாருக்குப் பதில் ஒட்டுப் பெட்டி | 8 கிலோ அளவு | 45 ரூபா அளவு | பெட்டியின் விலை, காலாவதி | ஊருக்குள் ஓடுபவர், ஸ்பெயார் இல்லாத கார் |
| டிக்கிக் குப்பை | உங்கள் டிக்கியைப் பொறுத்தது, எனக்கு 33 கிலோ | 180 ரூபா அளவு | மனைவியின் கேள்விகள் | எல்லோருக்கும் |
| காற்று (5 பிஎஸ்ஐ குறைந்திருந்தால்) | இல்லை | 165 ரூபா அளவு | ஐந்து நிமிடம் | எல்லோருக்கும் |

## அந்த இரண்டு பேரும் நானும்

கொக்குவில்காரர் சீற்றைத் தொடவில்லை. ஸ்பெயாரை இறக்கலாமா என்று திரும்பக் கேட்டார். பகலில் ஊருக்குள் மட்டும்தான், பின்னால் மூன்று பிள்ளைகள். இறக்கலாம், ஆனால் திரியும் பம்பும் வாங்கி வையுங்கள், நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற அன்று ஸ்பெயாரை மறக்காமல் ஏற்றுங்கள் என்றேன். மறந்துபோவார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், பேசாமல் காரிலேயே விட்டுவிட்டார். அக்குவாக்காரர் கூரைக் கரியரைக் கழற்றினார். கொழும்புக்கு ஒரு பயணம் 400 கிலோமீற்றர் வரும், வித்தியாசம் எவ்வளவு என்று அடுத்த மாதம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைத் துளி துளியாய் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் புகை ஒரு ஒழுங்கை நீளத்துக்கு நிற்கும். "அப்ப ஒஸ்ரின் ஏ-40 காருக்குள்ள எத்தனை பேர் ஏறினது தெரியுமோ? எண்ணெய் இல்லை எண்டு ஆரும் சீற்றக் கழட்டேல்லை, இன்னும் ரெண்டு பேர ஏத்தினது" என்றார். ஆள் ஒன்றுக்கு எண்ணெய் எவ்வளவு என்று பார்த்தால் கிழவனின் கணக்குத்தான் என்னுடையதைவிடச் சரி.

இதை எழுதி முடித்துவிட்டு என் ஸ்பெயாரில் காற்றுப் பார்த்தேன். பதினெட்டுப் பிஎஸ்ஐ இருக்கிறது. நாளைக்குக் காலையில் செற்றுக்குப் போக வேண்டும்.